ஒன்பது வயதுக் கைதியைத் தேடிப் போனோம்

ஆஸ்திரேலியாவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், என்றைக்காவது ஒருநாள் கைதிகள் உங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தே தீருவார்கள். 1800களின் காலனி வரலாறு பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தது இந்த வடிவில்: பிரிட்டனிலிருந்து நாடு கடத்தும் தீவாந்திரத் தண்டனையில் இங்கே அனுப்பப்பட்ட ஒரு சிறுவனையோ சிறுமியையோ தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்க்கையை எழுத வேண்டும். கூடவே நிரப்புவதற்கு ஒரு தாள். பிறந்த தேதி, குற்றம், தண்டனை, வந்த கப்பல், பிற்கால வாழ்க்கை, கடைசியில் 'சாதனைகள்'.

வகுப்பில் பாதிப் பேர் மேரி வேடைத்தான் எடுத்தார்கள். என் மகளும்தான். கூகுளில் தட்டினால் முதலில் வருவது அவர்தான். லண்டனில் தெரு பெருக்கி, காசு கேட்டுப் பிழைத்த பத்து பதினோரு வயதுச் சிறுமி. 1788 அக்டோபரில் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஒரு குழந்தையின் கவுனைத் திருடியதற்காக மறு ஆண்டு ஜனவரியில் தூக்குத் தண்டனை. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி தெளிந்த மகிழ்ச்சியில் தூக்கு தீவாந்திரமாக மாறியது. 'லேடி ஜூலியானா' கப்பலில் 1790 ஜூனில் சிட்னி வந்தார். பிள்ளை குட்டி பெற்று, 1859 வரை வாழ்ந்தார். முன்னாள் பிரதமர் கெவின் ரட் இவர் வழி வந்தவர் என்கிறார்கள். தூக்குமேடையில் தொடங்கிப் பிரதமரில் முடிகிற கதை, யாருக்குத்தான் பிடிக்காது? தாளில் எல்லாக் கட்டமும் நிரம்பிவிடும், சாதனை உட்பட.

நான் இங்கே ஒரு நிபந்தனை போட்டேன். கட்டுரைகளை மட்டும் படித்து எழுதக் கூடாது, வழக்கு விசாரணையை ஒரு தடவையாவது படித்துவிட வேண்டும். இது பெரிய ஆராய்ச்சி வேலை ஒன்றும் இல்லை. லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த வழக்குகளின் அச்சுப் பதிவுகள் 'ஓல்ட் பெய்லி ஆன்லைன்' தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. பெயரையும் ஆண்டையும் போட்டால் வந்துவிடும். பழைய ஆங்கிலம்தான், ஆனால் பெரும்பாலும் கேள்வி-பதில். சத்தம் போட்டுப் படித்தால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது.

மேரி வேடின் வழக்கைப் படித்தபோது அந்தக் கட்டுரைகளில் பல மழுப்பியிருந்தது வெளியே வந்தது. அவர்கள் கடையிலோ கொடியிலோ துணி திருடவில்லை. எட்டு வயதுக் குழந்தை ஒருத்தியைக் கழிப்பறைப் பக்கம் கூட்டிப்போய், உடம்பிலிருந்த கவுன், தோள்துணி, தொப்பி மூன்றையும் உருவிக்கொண்டு, கவுனை அடகுக் கடையில் போட்டுவிட்டார்கள். வழக்கு வழிப்பறி என்றுதான் பதிவானது. தூக்கு வந்ததும் அதனால்தான். பிறகு, அந்தக் குழந்தையைக் கழிப்பறைக் குழிக்குள் தள்ளிவிடலாம் என்றிருந்தேன், தள்ளியிருந்தால் நன்றாயிருக்கும் என்று மேரி சொன்னதாகவும் ஒரு சாட்சி இருக்கிறது.

என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, இவ நல்லவளே இல்லையே."

அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நல்லவள் இல்லை என்றால் தூக்கில் போடலாமா என்று கேட்டேன். "ச்சே, அதுக்காகத் தூக்கா?" என்றாள். ஆனால் துணி பறிகொடுத்த அந்தக் குட்டிக்கு என்ன ஆயிற்று, அவளைப் பற்றி யாரும் ஏன் எழுதவில்லை என்றும் கேட்டாள். நியாயமான கேள்வி. இந்த ப்ராஜெக்ட் உங்கள் வீட்டுக்கு வந்தால், பறிகொடுத்தவரையும் பிள்ளையிடமிருந்து மறைக்காதீர்கள். 'பாவம், ஒரு ரொட்டித் துண்டுக்காக நாடு கடத்தினார்கள்' என்று சொல்லிக் கொடுப்பது சுலபம். வழக்குகளைப் புரட்டினால் ரொட்டியைவிடத் துணிமணி, கைக்குட்டை, காலுறை, வெள்ளிக் கரண்டிதான் கண்ணில் படுகின்றன. துணி அன்றைக்கு விலை உயர்ந்த சரக்கு. பழைய துணிக்குச் சந்தை இருந்தது, அடகுக் கடைக்காரர் கேள்வி கேட்காமல் காசு கொடுத்தார். பசித்த பிள்ளைக்கு ரொட்டியைவிடக் கைக்குட்டை லாபம்.

அப்புறம் அவள் ஆளை மாற்றினாள். எடுத்தது ஜான் ஹட்சனை.

இவன் வழக்கு 1783 டிசம்பரில். லண்டன் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டில் ஒரு வீட்டுக்குள் புகுந்து ஒரு லினன் சட்டை, ஐந்து பட்டுக் காலுறை, ஒரு கைத்துப்பாக்கி, இரண்டு ஏப்ரன் திருடியதாகக் குற்றச்சாட்டு. மேசையில் சின்னக் கால்விரல்களின் கரித்தடம் இருந்ததாக வீட்டுக்காரர் சாட்சி சொன்னார். நீதிமன்றம் பையனிடம் கேட்டது ரொம்பக் கொஞ்சம். வயது? ஒன்பது நடக்கிறது. தொழில்? ஒன்றுமில்லை, சில சமயம் புகைபோக்கி துடைப்பேன். அப்பா அம்மா? செத்துவிட்டார்கள். எப்போது? தெரியாது.

இவ்வளவுதான். ஜான் ஹட்சன் வாயைத் திறந்து பேசியதாக நாங்கள் கண்டது இந்த நான்கு பதில்கள் மட்டுமே. என் மகள் அவற்றைத் தனித்தனிச் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். ஒரு வாரம் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் 'தெரியாது' கண்ணில் பட்டது.

நான் அதிகம் யோசித்தது நீதிபதியைப் பற்றி. பையனின் வெறும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து இந்த வயதுப் பிள்ளைமேல் குற்றத்தைக் கட்ட அவருக்கு மனமில்லை. அன்றைய சட்டப்படி ஏழு வயதுக்குக் கீழே குற்றமே கிடையாது. ஏழிலிருந்து பதினான்கு வரை, செய்தது தப்பு என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்ததை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். கடைசியில் இரவில் வீடு புகுந்த குற்றத்திலிருந்து விடுவித்தார்கள். அது நிலைத்திருந்தால் தூக்கு. வெறும் திருட்டுக்கு மட்டும் ஏழு ஆண்டுத் தீவாந்திரம். இப்படிப்பட்ட பையனை அழிவிலிருந்து பிடுங்கி எடுக்கத்தான் தோன்றுகிறது, வெளியே விட்டால் மறுபடியும் கெட்டவர்கள் கையில் கருவியாவான் என்று நீதிபதி சொன்னது பதிவில் இருக்கிறது. அதாவது அனுப்பியது இரக்கத்தில். கொடுங்கோலன் ஒருவன் குழந்தையைக் கப்பலில் தூக்கிப் போட்டான் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரியும்; அவனுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்த ஒரு பெரியவர் இதைச் செய்தார் என்பதை விளக்குவதுதான் கடினம். ஆனால் அதை விட்டுவிட்டால் இந்த வரலாற்றில் மிச்சம் ஒன்றும் இல்லை.

அந்த இரக்கத்தின் பலன்: முதலில் அமெரிக்காவுக்கென்று 'மெர்க்குரி' கப்பலில் ஏற்றினார்கள். 1784-ல் கைதிகள் கலகம் செய்து கப்பலைப் பிடித்தார்கள், பையன் கரைக்கு வந்து மறுபடி பிடிபட்டான். அப்புறம் பிளிமத்தில் நின்ற 'டன்கர்க்' என்ற சிறைக் கப்பல். 1787 மே மாதம், ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளைக் கொண்டுபோன முதல் கப்பல் தொகுதியின் 'ஃப்ரெண்ட்ஷிப்' கப்பலில் கிளம்பியபோது வயது பன்னிரண்டோ பதிமூன்றோ. தண்டனையில் பாதி அதற்குள் கழிந்திருந்தது. 1790-ல் சிட்னியிலிருந்து பசிபிக் கடலில் இருக்கும் நார்ஃபோக் தீவுக்கு. அங்கே 1791-ல், இரவு ஒன்பது மணிக்குமேல் குடிசைக்கு வெளியே இருந்ததற்காக ஐம்பது கசையடி. எங்கள் கணக்குக்கு அத்தோடு தடம் அறுந்தது. பிற்கால வாழ்க்கைக் கட்டத்தில் 'பதிவு கிடைக்கவில்லை' என்று எழுதினாள். சாதனைகள் கட்டத்தை வெறுமையாக விட மனமில்லாமல், தாளின் ஓரத்தில், "இந்தக் கேள்வி எல்லாருக்கும் பொருந்தாது" என்று டீச்சருக்கு ஒரு குறிப்பு போட்டாள். டீச்சர் அதை ரசித்தார், மதிப்பெண்ணும் குறையவில்லை. (நான் வேறு மாதிரி எதிர்பார்த்துப் பயந்திருந்தேன்.)

தேடப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஓல்ட் பெய்லி என்பது பெரும்பாலும் லண்டன், மிடில்செக்ஸ் வழக்குகள்தான். பர்மிங்காம் பையனையோ டப்ளின் பெண்ணையோ அங்கே தேடினால் கிடைக்க மாட்டார்கள். வயதை எங்கேயும் உறுதியாக நம்பாதீர்கள். இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவே 1837-ல்தான் தொடங்கியது, அதற்குமுன் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுதான் கதி. மேரி வேடின் வயதே இடத்துக்கு இடம் மாறுகிறது. பொருளின் மதிப்பு விசித்திரமாக 39 ஷில்லிங் என்று இருந்தால், அது ஜூரிகள் வேண்டுமென்றே குறைத்தது. ஒரு வீட்டிலிருந்து 40 ஷில்லிங் திருடினால் தூக்கு என்பதால், உயிரைக் காப்பாற்ற ஒரு ஷில்லிங்கை விழுங்கினார்கள். பெயர் எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். எழுதத் தெரியாதவனின் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார்.

டாஸ்மேனியாவுக்கு அனுப்பப்பட்டவராக இருந்தால் உங்களுக்கு யோகம். அந்த மாநில நூலகத்தின் 'டாஸ்மேனியன் நேம்ஸ் இன்டெக்ஸ்' மூலம் கைதியின் நடத்தைப் பதிவேட்டையே ஸ்கேன் செய்த படமாகப் பார்க்கலாம், காசில்லை. ஆண்களுக்கு 'கான் 31', 'கான் 33', பெண்களுக்கு 'கான் 40', 'கான் 41' என்ற தொகுதிகள். 1840களின் பதிவுகளில் உயரம், நிறம், கண், தழும்பு, பச்சை குத்தியது வரை இருக்கும். கையெழுத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். முதலில் கப்பல் பெயர், மாதப் பெயர் போன்ற தெரிந்த சொற்களைப் பிடியுங்கள், அதே எழுத்துகளை வைத்து மற்றதை வாசியுங்கள். இரட்டை 'எஸ்' பார்ப்பதற்குச் சில நேரம் 'பி' மாதிரி இருக்கும், அது ஒன்று தெரிந்தால் பாதி சிக்கல் தீரும். நாங்கள் பார்த்த பதிவுகளில் ஒரு பையனின் உயரம் நாலடி சொச்சம். மகள் எழுந்துபோய்க் கதவு நிலையில் நாங்கள் பென்சிலால் குறித்து வைத்திருக்கும் கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய அவள் கோடு.

இந்தப் பதிவேடுகளில் ஒரு கோளாறு உண்டு, அதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தப்பு செய்த நாள்தான் எழுதப்பட்டிருக்கும். சும்மா இருந்த நாளை யாரும் எழுதவில்லை. வேலையில் சோம்பல், எதிர்த்துப் பேச்சு, வழிபாட்டில் பேச்சு, கையில் புகையிலை என்று வரிசையாக வாசித்தால் பெரிய போக்கிரி என்று தோன்றும். ஆண்டுக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், பதிமூன்று வயதுப் பையன் மாதத்துக்கு ஒருமுறை வாயாடியிருக்கிறான், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பதிவேடு வைத்தால் தடிமனாகத்தான் இருக்கும்.

பள்ளி விடுமுறையில் பாயிண்ட் பியூர் பார்க்கப் போனோம். ஜான் ஹட்சன் அங்கே இருந்தவன் அல்ல. அவன் காலத்துக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1834-ல், டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தர் சிறைக் குடியிருப்புக்கு எதிரே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிறுவர் கைதிகளுக்கென்றே கட்டிய இடம் அது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் பையன்களுக்கென்று தனியாக அமைந்த முதல் சீர்திருத்தச் சிறை. 1849-ல் மூடுவதற்குள் ஏறக்குறைய 3,000 பையன்கள் இருந்து போனார்கள், சின்னவனுக்கு ஒன்பது வயது. இதுவும் நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். வளர்ந்த கைதிகளோடு சேர்ந்து கெட்டுப்போகாமல் பிரித்து வைத்து, தச்சு, செருப்புத் தையல், படகு கட்டுதல், கல் செதுக்குதல் கற்றுத் தரவும், எழுத்தும் பைபிளும் சொல்லித் தரவும் திட்டம். கூடவே பிரம்படி, தனிச் சிறை, ரொட்டியும் தண்ணீரும். நல்ல தண்ணீர் இல்லாத, காற்று அடித்துப் பிய்க்கிற முனை. தொழில் கற்றுத் தேறியவர்களும் உண்டு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1843-ல் ஒரு மேற்பார்வையாளரைக் கொன்றதற்காக அங்கிருந்த இருவர் தூக்கிலிடப்பட்டதும் உண்டு.

இரண்டு சிறுவர்கள் கைகோத்துக்கொண்டு அங்கிருந்த பாறையிலிருந்து கடலில் குதித்தார்கள் என்று ஒரு கதை கேள்விப்படுவீர்கள். பலர் அதை நடந்த சம்பவமாகவே சொல்வார்கள். அது மார்கஸ் கிளார்க் 1870களில் எழுதிய நாவலில் வருவது. ஆவணங்களில் அப்படி ஒரு நிகழ்வு இல்லை. ப்ராஜெக்டில் சேர்க்காதீர்கள்.

மெல்போர்னிலிருந்து காரோடு போவதென்றால் ஃபெர்ரி இப்போது ஜீலாங்கிலிருந்து கிளம்புகிறது, மெல்போர்ன் துறைமுகத்திலிருந்து அல்ல. டெவன்போர்ட்டில் இறங்கி ஹோபார்ட் நோக்கி வரும் வழியில் கேம்ப்பெல் டவுனில் கட்டாயம் நிறுத்துங்கள். கடைத்தெரு நடைபாதையில் செங்கல் செங்கலாகக் கைதிகளின் பெயர், வயது, கப்பல், குற்றம், தண்டனை பொறித்துப் பதித்திருக்கிறார்கள். மகள் குனிந்துகொண்டே நடந்தாள், தன் வயதுக்காரர் யாராவது கிடைக்கிறார்களா என்று. காபி ஆறிப்போகும் அளவுக்கு நேரம் ஆனது. எனக்கு அருங்காட்சியகங்களைவிட அந்த நடைபாதை பிடித்தது.

போர்ட் ஆர்தர் நுழைவுச் சீட்டு அடுத்தடுத்த இரண்டு நாளுக்குச் செல்லும், துறைமுகத்தைச் சுற்றிவரும் படகுப் பயணமும் அதிலேயே அடக்கம். பிள்ளைகளோடு போகிறவர்கள் இரண்டு நாளையும் பயன்படுத்துங்கள். படகிலிருந்து பாயிண்ட் பியூர் முனையும், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புதைக்கப்பட்ட 'இறந்தோர் தீவும்' அருகில் தெரியும். முனையில் நாங்கள் இறங்கவில்லை. அங்கே நடத்திக் கூட்டிப்போகும் சுற்று உங்கள் தேதியில் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கினாலும் இடிபாடுகளைத் தவிரப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. பையன்களின் கைவேலையைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கரையிலேயே கூரையில்லாமல் நிற்கும் தேவாலயத்துக்குப் போங்கள். அதன் கற்களைச் செதுக்கியதில் பாயிண்ட் பியூர் பையன்களுக்குப் பங்கு உண்டு. 1884 தீயில் உள்ளே எல்லாம் போய், சுவர்கள் மட்டும் நிற்கின்றன.

கைதிகளைத் தனித்தனியே அடைத்துவைத்த 'செப்பரேட் பிரிசன்' என்ற கட்டிடத்தில் வெளிச்சமே புகாத தண்டனை அறை ஒன்று இருக்கிறது. பிள்ளையைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், விளையாட்டுக்குக்கூடக் கதவைச் சாத்தாதீர்கள். சாத்தி, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த ஓர் அப்பாவைப் பார்த்தோம். இதே வளாகத்தில்தான் 1996 ஏப்ரலில் துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் இறந்தார்கள். நினைவுத் தோட்டம் இருக்கிறது. அதைப் பற்றி ஊழியர்களிடம் விசாரிக்க வேண்டாம், அவர்களில் சிலருக்கு அது சொந்த இழப்பு. பிள்ளைக்குச் சொல்வதைக் காரிலேயே சொல்லிவிடுங்கள்.

பெண் குழந்தைகள் எங்கே என்று என் மகள் கேட்டாள். அவர்களுக்கென்று இப்படித் தனி இடம் எதுவும் அமையவில்லை, வளர்ந்த பெண்களோடுதான் போட்டார்கள். ஹோபார்ட்டில் பெண் கைதிகளை வைத்திருந்த 'கேஸ்கேட்ஸ் ஃபீமேல் ஃபேக்டரி' இருக்கிறது, அரை நாள் ஒதுக்கினால் போதும்.

இன்னொரு கேள்வியும் வரும், தயாராக இருங்கள்: "இப்போ எத்தனை வயசுலேர்ந்து பிடிப்பாங்க?" ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் பத்து. விக்டோரியா 12 ஆக உயர்த்தச் சட்டம் செய்திருக்கிறது. வட பிரதேசம் (நார்தர்ன் டெரிட்டரி) 2023-ல் 12 ஆக்கிவிட்டு, 2024-ல் மறுபடி பத்துக்கே இறக்கியது. கொஞ்ச நாளில் பிறந்தநாள் வரவிருந்தவளிடம் இதைச் சொன்னபோது, "அப்போ நானும் கணக்குல வந்தாச்சா?" என்றாள். மெல்போர்னில் இல்லை, வேறு சில ஊர்களில் ஆமாம் என்றேன். இந்தியாவில் எத்தனை என்று அடுத்து கேட்டாள். ஏழு என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, விவரம் புரியும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்ப்பார்கள். ஜான் ஹட்சனுக்குப் பார்த்த அதே கணக்கு, வயதை மட்டும் சற்று மாற்றி.

கடைசியாக, போகும் வழி பற்றி. ஹோபார்ட்டிலிருந்து போர்ட் ஆர்தர் ஒன்றரை மணி நேரம். வழியில் ஈகிள்ஹாக் நெக்கில், தப்பி ஓடுகிறவர்களைப் பிடிக்க நாய்களைச் சங்கிலியில் வரிசையாகக் கட்டிவைத்த இடம் இருக்கிறது, ஒரு நாய்ச் சிலையும் உண்டு. அதைப் போகும்போதே பார்த்துவிடுங்கள். திரும்பும்போது பார்க்கலாம் என்று விட்டால் இருட்டிவிடும், இருட்டினால் அந்தச் சாலையில் வாலபிகள் (குட்டி ரகக் கங்காருகள்) குறுக்கே பாய்ந்துகொண்டே இருக்கும், நிறுத்தவே தோன்றாது.